எந்த உலகத்துக்கு சாம்பியன்?

2014 ஜூலை மாதம் கிளாஸ்கோவில் காமன்வெல்த் போட்டி. ஆண்கள் 77 கிலோ பளுதூக்குதலில் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்சில் 149 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோவும் தூக்கினார். மொத்தம் 328, தங்கம். ஸ்னாட்சில் தூக்கிய 149 காமன்வெல்த் போட்டிகளின் சாதனை. அப்போது அவருக்கு வயது 22. இரண்டாம் இடத்தில் இன்னொரு இந்தியர், ரவிக்குமார் கட்டுலு. தமிழ்நாடு அரசு சதீஷுக்கு 50 லட்சம் அறிவித்தது. மறு வருஷம் அர்ஜுனா விருதும் வந்தது.

இதற்கு ஒரு வருஷம் முன்பு, 2013இல், போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதே 77 கிலோ பிரிவில் சீனாவின் லூ ஷியாவ்ஜுன் தூக்கிய மொத்த எடை 380. வித்தியாசம் 52 கிலோ. அதாவது சதீஷ் தூக்கியதற்கு மேலே ஒரு சிமெண்ட் மூட்டையை வைத்து, அதற்கு மேலும் இரண்டு கிலோ சேர்க்க வேண்டும்.

நம்ம ஊர் பிளக்ஸ் போர்டுகளுக்கு காமன்வெல்த், ஆசியா, உலகம் என்ற பாகுபாடெல்லாம் பெரிதாகக் கிடையாது. வெளிநாட்டில் போய் ஜெயித்தால் உலகத்தை ஜெயித்த மாதிரிதான். பைபாஸ் ஓரத்தில் நாலு கிளாஸ் ரூமும் ஒரு வேனும் வைத்திருக்கிற பள்ளிக்கூடம் ‘இன்டர்நேஷனல் ஸ்கூல்’ ஆகும்போது, கிளாஸ்கோ வரை போய்த் தங்கத்தோடு வந்த பையன் ஏன் உலக சாம்பியன் ஆகக்கூடாது? நியாயமான கேள்விதான். ஆனால் இதே கேள்வியைக் கொஞ்சம் பெரிய அளவில், கொஞ்சமும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அமெரிக்கர்கள்.

2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் நடந்த உலக தடகளப் போட்டியில் நோவா லைல்ஸ் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் மூன்றிலும் தங்கம் வாங்கினார். பிறகு பத்திரிகையாளர்களிடம் பேசும்போது சொந்த நாட்டுக்காரர்களையே சீண்டினார். என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஜெயிக்கிறவர்கள் தங்களை உலக சாம்பியன் என்று சொல்லிக்கொள்கிறார்களே, எந்த உலகத்துக்கு, அமெரிக்காவுக்கா என்று கேட்டார். அவ்வளவுதான். கூடைப்பந்து நட்சத்திரங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி வந்து அவரைக் காய்ச்சி எடுத்தார்கள். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சியின் வாதம், உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் எங்கள் லீக்கில்தான் ஆடுகிறார்கள், அதில் முதலிடம் என்றால் உலகத்தில் முதலிடம்தானே என்பது. இன்னொரு கட்சி, நாட்டுக் கொடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு நாட்டை ஜெயித்தால்தான் உலகம் என்றது.

முதல் கட்சிக்குப் பக்கபலம் உண்டு. 2019 முதல் 2025 வரை என்பிஏயின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கிய ஒருவர்கூட அமெரிக்காவில் பிறந்தவர் இல்லை. கிரீஸ், செர்பியா, கேமரூன், கனடா என்று உலகம் அங்கே வந்து ஆடிக்கொண்டிருப்பது உண்மை. இரண்டாம் கட்சிக்கும் சாட்சி உடனே கிடைத்தது. லைல்ஸ் பேசிய சில நாட்களிலேயே கூடைப்பந்து உலகக் கோப்பையில் அமெரிக்கா அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் கனடாவிடமும் தோற்று நாலாம் இடம். லீக் உலகத்தரம்தான், ஆனால் நாடு? அந்த வருஷம் இல்லை. நமக்கு ஐபிஎல்லில் இந்தக் குழப்பம் பழகியதுதான். உலகத்தின் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் சேப்பாக்கத்துக்கு வந்து ஆடுகிறார்கள். அதற்காக சிஎஸ்கே உலக சாம்பியன் என்று தீவிர விசில் போடு ஆள்கூடச் சொல்வதில்லை. (2010, 2014 சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளை நினைவுபடுத்துவார்கள், அது வேறு.)

இந்தப் பழக்கம் பேஸ்பாலில் இருந்து வந்தது. 1884லேயே இரண்டு அமெரிக்க அணிகள் மோதிக்கொண்டு அதற்கு உலக சாம்பியன்ஷிப் என்று பெயர் வைத்தன. 1903இல் பாஸ்டனும் பிட்ஸ்பர்க்கும் ஆடியதிலிருந்து இன்றைய ‘வேர்ல்ட் சீரிஸ்’ தொடங்குகிறது. ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகை நடத்தியதால் வந்த பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதை. அவர்கள் நிஜமாகவே உலகம் என்றுதான் சொன்னார்கள். வேறு யார் பேஸ்பால் ஆடுகிறார்கள் என்பது அவர்கள் எண்ணம்.

அமெரிக்கர்களைக் கிண்டல் செய்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்த ‘உலக’ப் போட்டியில் ஜப்பானோ கியூபாவோ இல்லாதது இருக்கட்டும், அமெரிக்காவின் கறுப்பர்களே இல்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரைக்கும் பெரிய லீக்குகளில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இடம் கிடையாது. பக்கத்துத் தெருக்காரனை உள்ளே விடாமல் உலக சாம்பியன் பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பர்கள் சும்மா இருக்கவில்லை. தங்கள் லீக்குகளை அமைத்துக்கொண்டு 1924இல் தங்களுக்கென்று ஒரு வேர்ல்ட் சீரிஸ் நடத்தினார்கள். கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் ஜெயித்தது. ஒரே நாட்டில், ஒரே ஆட்டத்தில், ஒரே வருஷத்தில் இரண்டு உலக சாம்பியன்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடாதவரை இரண்டு பட்டமும் பாதிப் பட்டம்தான்.

உலகம் என்கிற சொல்லை எங்கள் பக்கத்தில் வேறு மாதிரிப் புரிந்துகொள்வார்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமிருந்து வேலூருக்கு, ஆம்பூருக்கு, ராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாயில் ‘எக்ஸ்போர்ட்’ என்ற சொல் சாதாரணமாகப் புழங்கும். ஷூ எக்ஸ்போர்ட் ஆகும், அல்லது ரிஜெக்ட் ஆகும். தையல் அரை நூல் தள்ளியிருந்தாலும், தோலில் ஒரு சின்ன மருத் தழும்பு தெரிந்தாலும் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனது உள்ளூர்க் கடையில் பாதி விலைக்கு வரும். நாம் வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவோம். தோல்காரர்களுக்கு உலகம் என்பது எல்லோரும் இருக்கிற இடம் இல்லை. ‘இது சரியில்லை’ என்று திருப்பி அனுப்பும் அதிகாரம் உள்ள ஆள் உட்கார்ந்திருக்கிற இடம்.

அந்த அதிகாரம் எப்போதும் நியாயமாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய மெட்ராஸ் தோல் நெடுங்காலம் ‘ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போனது. பாதி வேலை இங்கே, மீதி வேலையும் பெயரும் லாபமும் அங்கே. 1970களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகுதான் முழுப்பதத் தோல், ஷூ மேல்பாகம், முழு ஷூ என்று வேலை இந்தப் பக்கம் வளர்ந்தது. இன்றும் ஆம்பூரில் தைத்த ஷூவின் மேல் வேறொரு நாட்டுக் கம்பெனியின் பெயர்தான் இருக்கும்.

ஆனாலும் அந்த அளவுகோல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பட்டம் எவ்வளவு பெரியது என்று கேட்டால், உன்னைத் திருப்பி அனுப்பக்கூடியவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு வந்திருந்தார்கள் என்று திருப்பிக் கேட்கலாம்.

பளுதூக்குதலின் கணக்கை இப்படிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முதல் உலக சாம்பியன்ஷிப் 1891 மார்ச்சில் லண்டன் பிக்கடில்லியில் ஒரு கஃபேயில் நடந்தது. கலந்துகொண்டவர்கள் 7 பேர். ஜெயித்தவர் இங்கிலாந்தின் எட்வர்ட் லாரன்ஸ் லெவி. ஏழு பேர்தான் உலகம்! நம்ம ஊர்ப் பொங்கல் விளையாட்டில் இளவட்டக்கல் தூக்க இதைவிட அதிகம் பேர் வரிசையில் நிற்பார்கள்.

நம் பக்கமும் இந்த ஆசைக்குக் குறைவில்லை. 1910இல் மல்யுத்த வீரர் காமா லண்டனுக்குப் போனார். அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை எளிதாகச் சாய்த்தார். போலந்தின் ஸ்பிஸ்கோவுடன் நடந்த ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்து முடிவில்லாமல் போயிற்று. ஸ்பிஸ்கோ பெரும்பாலும் தரையோடு தரையாகப் படுத்தே கிடந்தார். மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வரவேயில்லை. காமாவுக்கு ஜான் புல் பெல்ட் கிடைத்தது, உலக சாம்பியன் என்று இந்தியா கொண்டாடியது. அப்போது அமெரிக்காவில் உலக சாம்பியன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் ஃப்ராங்க் காட்ச். அவர் காமாவோடு மோதவில்லை. அடிமை நாட்டு ஆள் ஒருவன் லண்டனில் போய் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தான் என்பதுதான் அன்றைக்கு இங்கே முக்கியமாக இருந்தது. வராத ஆளை ஜெயித்து வாங்கிய பெல்ட்டா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காமாவே அதைத் தீர்த்துவைத்தார் என்பது வேறு விஷயம். 1928இல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார்.

கபடியில் கதை தலைகீழ். 2004, 2007, 2016 உலகக் கோப்பைகள் மூன்றையும் ஜெயித்தது இந்தியா. அகமதாபாத்தில் நடந்த 2016 போட்டிக்குப் பாகிஸ்தான் அழைக்கப்படவில்லை. இறுதியில் ஈரானை 38–29 என்று ஜெயித்தோம். தஞ்சாவூர்ப் பக்கத்து சேரலாதன் அந்த அணியில் இருந்தார், நாம் எல்லோரும் மார்தட்டினோம். இரண்டே வருஷம். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் முதலில் தென்கொரியா 24–23 என்று ஒரு புள்ளியில் தட்டியது. அரையிறுதியில் ஈரான் 27–18 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஆசியப் போட்டியில் அதுவரை ஆண்கள் கபடித் தங்கம் வேறு யாருக்கும் போனதில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகுதான் கபடி உலக விளையாட்டு என்று நாம் சொன்னதில் கொஞ்சம் உண்மை சேர்ந்தது என்பது என் கட்சி. பேஸ்பாலிலும் அப்படித்தான். 2006 முதல் 2023 வரை நடந்த ஐந்து ‘வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்’ போட்டிகளில் ஜப்பானுக்கு மூன்று, டொமினிகன் குடியரசுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கும் ஒன்றே ஒன்று.

சரி, காமன்வெல்த்துக்கு வருவோம். 1930இல் கனடாவின் ஹாமில்டனில் ‘பிரிட்டிஷ் எம்பயர் கேம்ஸ்’ என்ற பெயரில் தொடங்கியது இது. பெயரிலேயே இருக்கிறது, பிரிட்டிஷ்காரன் ஆண்ட உலகம். 1950இல் ஆக்லாந்தில் பளுதூக்குதல் சேர்ந்தது. பளுதூக்குதலில் உலகத்தை ஆண்டவர்கள் யார்? சோவியத் ஒன்றியம், பல்கேரியா, சீனா, ஈரான், துருக்கி, பிறகு கஜகஸ்தான். ஒருத்தர்கூட காமன்வெல்த்தில் கிடையாது. 1978 எட்மண்டனில் 52 கிலோவில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கமும், 56 கிலோவில் தமிழ்ச்செல்வன் வெள்ளியும் வாங்கியபோதும் அப்படித்தான். பல்கேரியர்கள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் மகிழ்ச்சி குறையும்.

எண்ணுவதிலும் சில வித்தைகள் உண்டு. 1990 ஆக்லாந்தில் இந்தியா வாங்கிய தங்கம் 13. அதில் 12 பளுதூக்குதலில் வந்தது. எப்படி? அந்த முறை ஸ்னாட்சுக்கு ஒரு தங்கம், ஜெர்க்குக்கு ஒரு தங்கம், கூட்டினால் இன்னொரு தங்கம் என்று ஒரே எடைப் பிரிவுக்கு மூன்று தங்கம் கொடுத்தார்கள். அமெரிக்க ரசிகர்களும் இதில் கெட்டிக்காரர்கள். ஒலிம்பிக்கில் தங்கம் குறைந்து மொத்தப் பதக்கம் கூடும்போது அவர்கள் ஊர்ப் பத்திரிகைகள் மொத்தத்தை வைத்துப் பட்டியல் போடும். மற்ற ஊர்களில் தங்கத்தை வைத்துத்தான் வரிசை. அப்துல் காதருக்கும் அமாவாசைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஆனால் வேலைவாய்ப்பு ஒதுக்கீடு, பரிசுத்தொகை, விருது எல்லாமே இந்த எண்ணிக்கையில் இருந்துதான் பிறக்கின்றன.

இப்போது ரியோ. 2016 ஒலிம்பிக், 77 கிலோ. சதீஷ் 148, 181, மொத்தம் 329. கிளாஸ்கோவில் தங்கம் வாங்கித் தந்த எடையைவிட ஒரு கிலோ அதிகம். கிடைத்தது 11ஆம் இடம். கஜகஸ்தானின் நிஜாத் ரஹிமோவும் லூ ஷியாவ்ஜுனும் ஆளுக்கு 379. உடல் எடை குறைவு என்பதால் தங்கம் ரஹிமோவுக்கு. ஜெர்க்கில் அவர் தூக்கிய 214 உலக சாதனை. 379க்கும் 329க்கும் நடுவே சரியாக ஒரு சிமெண்ட் மூட்டை.

அந்த மூட்டைக்குள் என்ன இருந்தது என்பது பிறகு தெரிந்தது. சோதனைக்குக் கொடுத்த சிறுநீர் ரஹிமோவுடையதே இல்லை, வேறு ஆளுடையதை மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று தீர்ப்பாகி, 2022இல் விளையாட்டு நடுவர் மன்றம் அவருக்கு 8 வருஷத் தடை விதித்தது, ரியோ முடிவும் ரத்து. தங்கம் லூவுக்குப் போயிற்று. அதே 2022 கடைசியில் லூவின் ஊக்கமருந்துச் சோதனையும் பாசிட்டிவ் என்று வந்தது. (ரியோ பதக்கத்தை அது தொடவில்லை.) 2012 லண்டன் 94 கிலோ இன்னும் கேவலம். பழைய மாதிரிகளை எடுத்து மறுபடி சோதித்ததில் மேலே இருந்தவர்கள் வரிசையாகக் கழன்று விழுந்தார்கள். ஐந்தாவதாக முடித்த ஈரான்காரருக்குத் தங்கம், ஒன்பதாவதாக முடித்த போலந்துக்காரருக்கு வெண்கலம். ஒன்பதாவது ஆள் அன்றைக்கு மேடைப் பக்கமே போயிருக்க மாட்டார், ஹோட்டலுக்குப் போய்ப் படுத்திருப்பார். இந்தியா மட்டும் சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. 2004 ஏதென்ஸில் நம் வீராங்கனைகளும் மாட்டினார்கள்.

ஆக உலகம் முழுக்க வந்தால் மட்டும் போதாது. வந்த உலகம் யோக்கியமாகவும் இருக்க வேண்டும். 2017 உலக சாம்பியன்ஷிப் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் அனஹெய்மில் நடந்தபோது, ஊக்கமருந்துக் குற்றத்துக்காக சீனா, ரஷ்யா, கஜகஸ்தான் உட்பட 9 நாடுகள் தடையில் இருந்தன. அதில் மீராபாய் சானு 48 கிலோவில் 194 தூக்கி உலக சாம்பியன் ஆனார். சீனாக்காரி இல்லாத உலகம்தானே என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. மருந்து அடித்ததால் வாசலில் நிறுத்தப்பட்டவனை, வராததற்காகக் கணக்கில் சேர்த்து, வந்தவள் தலையில் கடன் ஏற்றுவது என்ன நியாயம்? கறுப்பர்களை வெளியே நிறுத்தியதும் இதுவும் ஒன்றல்ல. அங்கே வாசலை மூடியவன்தான் பட்டத்தை எடுத்துக்கொண்டான். இங்கே மீராபாய் எந்த வாசலையும் மூடவில்லை. நாலு வருஷம் கழித்து டோக்கியோவில் சீனாவும் வந்தது. ஹோ ஷிஹுய் 210, மீராபாய் 202. வெள்ளி. அனஹெய்மில் உண்மையான உலகத் தரத்துக்காரர்தான் ஜெயித்தார் என்பது அதில் தெரிந்துபோயிற்று.

சதீஷுக்கு அப்படி ஒரு டோக்கியோ வாய்க்கவில்லை. அவருக்கு வாய்த்தது கோல்ட் கோஸ்ட், 2018. அதற்கு முன் தேசியப் போட்டியில் 194 கிலோ ஜெர்க்குக்கு முயன்றபோது தொடையில் காயம். பதக்கமே சந்தேகம் என்ற நிலையில்தான் ஆஸ்திரேலியா போனார். ஸ்னாட்சில் இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 145, சதீஷ் 144. ஒரு கிலோ பின்தங்கல். ஜெர்க்கில் ஆலிவர் 167 தூக்கிவிட்டு 171க்கு இரண்டு தடவை முயன்றார், இரண்டும் கைநழுவியது. சதீஷ் இரண்டாவது முயற்சியில் 173. மூன்றாவது முயற்சிக்கு அவர் வரவே இல்லை, தேவைப்படவில்லை. மொத்தம் 317, தொடர்ந்து இரண்டாவது காமன்வெல்த் தங்கம். கிளாஸ்கோவைவிட 11 கிலோ குறைவு. மறுபடியும் 50 லட்சம்.

இந்தப் பட்டம் சின்னது என்று மேலே இவ்வளவு நேரம் கணக்குப் போட்டவன் நான்தான். ஆனால் அவர் அப்பா சிவலிங்கமும் தேசிய அளவில் பளுதூக்கியவர். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, வேலூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் காவலர் வேலை பார்த்தவர். ஒரு தலைமுறை தேசியப் பதக்கத்தோடு செக்யூரிட்டி உடுப்பு போட்டது. அடுத்த தலைமுறை காமன்வெல்த் தங்கத்தோடு அர்ஜுனா விருது வாங்கி, தெற்கு ரயில்வேயில் மேசை நாற்காலி வேலையில் உட்கார்ந்தது. லூவின் 380க்குப் பக்கத்தில் 328 சின்ன எண்தான். செக்யூரிட்டி நாற்காலிக்கும் ரயில்வே நாற்காலிக்கும் இடையிலான தூரத்தைக் கிலோவில் அளக்க முடியாது. அமெரிக்கக் கூடைப்பந்து ரசிகனுக்கு உலகம் என்ற சொல் பெருமைக்கு. வேலூரில் அதே சொல்லுக்குப் பின்னால் ஒரு வேலை உத்தரவு இருக்கிறது. அதனால்தான் நம் பிளக்ஸ் போர்டுகள் கொஞ்சம் கூட்டிச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தாலும் கோபம் வருவதில்லை.

கோல்ட் கோஸ்ட் முடிந்த அதே 2018 நவம்பரில் சர்வதேச பளுதூக்குதல் கூட்டமைப்பு எடைப் பிரிவுகளை மொத்தமாக மாற்றியது. ஆண்கள் 77 கிலோ எடுக்கப்பட்டது. அதற்குப் பதில் 73, 81. லூவின் 380, ரியோவின் 379 எல்லாம் பழைய பதிவேட்டுக்குப் போயின. 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் புதிய 73 கிலோ பிரிவில் இந்தியாவின் அசிந்தா சேவ்லி 313 தூக்கித் தங்கம் வாங்கினார். 77 கிலோவில் கடைசி காமன்வெல்த் தங்கம் சதீஷுடையது. கோல்ட் கோஸ்ட்டில் ஸ்னாட்சில் யாரும் 149ஐத் தொடவில்லை, பிறகு தொடுவதற்குப் பிரிவே இல்லை. அந்த 149 அப்படியே நிற்கிறது.